கல்ச்சரில் வளராத கிருமி, பிசிஆரில் சிக்குமா?

கேள்வி: கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டைத் திறந்து, பின்கட்டுப் புதரை வெட்டிச் சுத்தம் செய்தோம். பத்து நாள் கழித்து அப்பத்தாவுக்கு (68) காய்ச்சல் வந்தது. இன்றோடு ஆறு நாள். டெங்கு, மலேரியா இல்லை. பிளட் கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. இடுப்பில் கறுப்பாக ஒரு பொருக்கைப் பார்த்த டாக்டர், அதை எடுத்து மதுரைக்கு பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறார். ரத்தத்தில் தெரியாதது பொருக்கில் தெரியுமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: தெரியும். ரத்தத்தைவிடப் பொருக்கில்தான் இந்தக் கிருமி அதிகம் இருக்கும்.

டாக்டர் சந்தேகப்படுவது ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் எலி நடமாடும் இடத்திலும் இருக்கும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பூச்சியின் இளம்புழு கடித்துப் பரவுவது. கடித்த இடம் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்துப் பொருக்குத் தட்டும். வலிக்காது. அதனால் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, சேலை இறுக்கும் இடுப்பு என்று தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும். உங்கள் டாக்டர் தேடியிருக்கிறார், நல்லது.

இந்தக் கிருமி, ஓரியன்ஷியா சுட்சுகமூஷி, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். கல்ச்சர் பாட்டிலில் ஊட்டச்சத்துக் கரைசல்தான் இருக்கிறது. ஐந்து நாள் வைத்தாலும் வளராது. ஆகவே ‘வளர்ச்சி இல்லை’ என்ற ரிப்போர்ட்டை ‘கிருமி இல்லை’ என்று படிக்கவே கூடாது. பிசிஆருக்குக் கிருமி வளர வேண்டியதில்லை. அந்தக் கிருமிக்கே உரிய ஒரு மரபணுத் துண்டைச் சுமார் 40 சுற்றுகள் பெருக்கிக் கண்டுபிடிக்கிறது.

சோதனை தவறுவது பெரும்பாலும் மாதிரி எடுப்பதில்தான். பொருக்கைச் சுற்றித் துடைத்துவிட்டு, சுத்தமான ஊசி முனையால் நெம்பி, உலர்ந்த ஸ்டெரைல் டப்பாவில் போட வேண்டும். திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும். கூடவே 2 முதல் 3 மில்லி ரத்தம், ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில். பச்சை மூடி ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது பிசிஆர் வினையையே தடுத்துவிடும். இரண்டையும் ஐஸ் பெட்டியில் அன்றே அனுப்புங்கள்.

பொருக்கு இல்லாதவர்களுக்கு ரத்த பிசிஆர் நெகட்டிவ் வந்தாலும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. ரத்தத்தில் கிருமி குறைவு, மருந்து தொடங்கினால் இன்னும் குறையும். அப்பத்தாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் நெருங்கிவிட்டதால், கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா சோதனையும் சேர்த்துச் செய்யலாம்.

ரிசல்ட் வரும்வரை மருந்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். மாதிரி எடுத்த கையோடு டாக்டர் டாக்ஸிசைக்ளின் தொடங்கிவிடுவார்; பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், தினம் இருவேளை. பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் வேறு நோயா என்று பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ நினைவு தடுமாறினாலோ உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: எல்லா பாக்டீரியாவையும் ஒரே பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாதா?
- கல்லூரி மாணவர், தேவகோட்டை

பதில்: 16எஸ் என்ற மரபணு எல்லா பாக்டீரியாவிலும் உண்டு; நீளம் ஏறக்குறைய 1,500 எழுத்து. எல்லாவற்றிலும் மாறாத பகுதியைப் பிடித்துப் பெருக்கி, இனத்துக்கு இனம் மாறும் பகுதியின் வரிசையைப் படித்தால் எந்த இனம் என்று சொல்லலாம். குடலைத் தாக்கும் அரிய நோயான விப்பிள் நோயின் கிருமியை 1990களின் தொடக்கத்தில் இப்படித்தான் அடையாளம் கண்டார்கள். அதை வளர்க்க முடிந்தது 2000இல்தான். அறுவையில் எடுத்த இதய வால்வு, மூளைச் சீழ் போன்றவற்றுக்கு அருமையான சோதனை. சளி, மலம் போல ஏற்கெனவே பல கிருமி குடியிருக்கும் மாதிரிக்கு உதவாது, எல்லாம் கலந்து வரும். சோதனை ரசாயனத்திலேயே ஒட்டியிருக்கும் பாக்டீரியா டிஎன்ஏகூடப் பாசிட்டிவ் காட்டிவிடும் என்பதால், மாதிரி போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் ஒவ்வொரு முறையும் சேர்த்து ஓட்டுவார்கள்.

கேள்வி: காசநோய் மருந்து முடித்துவிட்டேன். குணமா என்று பார்க்க சிபிநாட் எடுக்கலாமா?
- வாசகர், புதுவயல்

பதில்: வேண்டாம். சிபிநாட்டும் பிசிஆர் வகைச் சோதனைதான்; செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது காட்டும். சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரும், கல்ச்சரும்தான் இதற்குச் சரி.