பந்து யார் கைக்குப் போகிறது?

அன்புள்ள ஐயா,

அணியின் வெற்றிக்காகவே ஆடிய அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பில் ரஸ்ஸல் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். என் மகள் பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடுகிறாள். கோச் எப்போதும் 'பாஸ் பண்ணு' என்கிறார். ஆனால் தேர்வுக்குப் போனால் நிறைய ஸ்கோர் செய்தவர்களைத்தான் எடுக்கிறார்கள். "டீமுக்காக விட்டுக்கொடு என்பதெல்லாம் திறமை குறைந்தவர்களைச் சமாதானப்படுத்தத்தானே அப்பா?" என்று கேட்கிறாள். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லினின் பெயர் எனக்கே தெரியும். ரஸ்ஸலை உங்கள் கட்டுரையில்தான் அறிந்தேன். ஜெயிக்கும் வெறியும் விட்டுக்கொடுக்கும் குணமும் ஒரே ஆளிடம் இருக்க முடியுமா?

ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் ரஸ்ஸல் விட்டுக்கொடுக்கிற ஆளே இல்லை. முக்கியமான ஆட்டங்களுக்கு முன்னால் பதற்றத்தில் வாந்தி எடுப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவருடைய பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் மற்றவர்களுக்கு நிம்மதி: சரி, இன்றைக்கு இவர் தயார். அந்த அணியில் 13 சீசன் ஆடி 11 முறை பட்டம் வென்றார். அப்படி ஜெயித்தவரின் சராசரி ஆட்டத்துக்கு 15 புள்ளிதான். அவரைப் பாஸ் கொடுக்க வைத்தது பெருந்தன்மை என்று நான் நினைக்கவில்லை. ஜெயிக்க அதுதான் வழி என்று மற்றவர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

எதிரணி கூடைக்கு எறியும் பந்தை அவர் தடுக்கும், அதாவது பிளாக் செய்யும், விதத்தைப் பாருங்கள். உயரமான ஆட்டக்காரர்கள் பலர் எதிரணி எறியும் பந்தை ஓங்கி அடித்துக் கேலரிக்கு அனுப்புவார்கள். கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் கோட்டுக்கு வெளியே போன பந்து மறுபடி எதிரணிக்குத்தான். ரஸ்ஸல் பந்தை விரல்நுனியால் தட்டி, தன் ஆள் நிற்கும் பக்கம் விழ வைப்பார். எதிரணி திரும்பி ஓடுவதற்குள் செல்டிக்ஸ் மறுமுனையில் ஸ்கோர் செய்துவிடும். புள்ளி வேறொருவர் பெயரில் ஏறும். ரஸ்ஸல் பெயரில் எதுவும் ஏறாது, ஏனென்றால் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பிளாக்குகளை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான். அவர் 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். உலகத்திலேயே அவர் மிக நன்றாகச் செய்த காரியத்துக்கு ஸ்கோர் ஷீட்டில் ஒரு கட்டம்கூட இருக்கவில்லை. உங்கள் மகளின் ஆதங்கம் எனக்குப் புரிவது இதனால்தான்.

அப்புறம், சேம்பர்லின். அவர் 100 புள்ளி எடுத்தது 1962 மார்ச் 2 அன்று. அந்த சீசன் முழுக்க அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளி. ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது ரஸ்ஸலுக்குப் போனது. அப்போது அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே, அதாவது இருவரையும் எதிர்த்து ஆடி அடிபட்டவர்கள். சேம்பர்லினின் முதல் பட்டம் 1967இல் வந்தது. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தை விட்டு, பாஸ்களை மிக அதிகமாக்கிய சீசன் அது. அந்த வருடம் அவருடைய பிலடெல்பியா அணி பட்டத்துக்குப் போகும் வழியில் சாய்த்தது செல்டிக்ஸைத்தான்.

நீங்கள் கேட்ட 'வெறி' பற்றி ரஸ்ஸலே எழுதியிருக்கிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் அது. சில ஆட்டங்களில் இரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போய்விடும். அடுத்த பந்து எங்கே போகும் என்பது முன்பே தெரிவதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் எதிரணியும் நன்றாக ஆடவேண்டும் என்று மனம் ஆசைப்படும் என்கிறார். ஒருமுறை அப்படிப்பட்ட ஓட்டத்தை நடுவரின் தவறான தீர்ப்பு கெடுத்துவிட்டது. தீர்ப்பு ரஸ்ஸலுக்குச் சாதகமானது! அதனால் கிடைத்த ப்ரீ த்ரோவை (யாரும் மறிக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பை) எறிய நின்றுகொண்டே, அது தப்பு என்று நடுவரிடம் ஆட்சேபித்திருக்கிறார். வாந்தி எடுக்கும் அளவுக்கு ஜெயிக்க விரும்பியவர்தான் இதையும் செய்தார். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். 1969 இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் எதிரணியில் இருந்த சேம்பர்லின் முழங்கால் வலியோடு வெளியேறினார். அதை ரஸ்ஸல் பிறகு பொதுவெளியில் ஏளனமாகப் பேசினார். ஒரே மேசையில் சாப்பிட்ட நண்பர்கள் பல வருடங்கள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் ரஸ்ஸல்தான் மன்னிப்புக் கேட்டார்.

இனி உங்கள் மகள் விஷயம். ஷூட்டிங் பயிற்சியை அவள் ஒரு நாளும் குறைக்க வேண்டாம். 1962 இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் ரஸ்ஸல் 30 புள்ளியும் 40 ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். தேவைப்பட்டால் ஸ்கோர் செய்யத் தெரிந்தவரின் பாஸுக்குத்தான் எதிரணி பயப்படும். தன் ஆட்டத்தை அளக்க ரஸ்ஸல் முதலில் பார்த்தது, கூட ஆடுகிறவர்களைத் தான் எவ்வளவு நன்றாக ஆட வைத்தோம் என்பதை. அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துச் செல்லுங்கள். அவள் கொடுத்த பாஸில் யார் ஸ்கோர் செய்தார்கள், அவள் மறித்ததால் எதிரணி எத்தனை முறை பந்தைத் திருப்பிக் கொண்டுபோனது, அவள் பெஞ்சில் இருந்தபோது ஸ்கோர் என்ன ஆனது என்று குறியுங்கள். வீட்டில் அவளோடு உட்கார்ந்து பாருங்கள். கோச்சிடமும் காட்டுங்கள், தேர்வாளர்களிடம் அவளுக்காகப் பேசும்போது அவர் கையில் காட்ட ஏதாவது இருக்கட்டும்.