வாஷிங் மெஷின் இன்லெட் வால்வு: தண்ணீர் ஏறாததும் நிற்காததும் – கேள்வி பதில்

வாஷிங் மெஷின் ரிப்பேர்தான் என் தொழில். தண்ணீர் உள்ளே வரும் வால்வைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இது அவசரப்பட்டு மாற்றப்படும் பாகம். பல வீடுகளில் வால்வு நன்றாகவே இருக்கும். பழுது அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும். அதனால் மாற்றுவதைவிடச் சோதிப்பதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் டாப் லோடு எல்ஜி மெஷினில் ஸ்டார்ட் கொடுத்தால் 'ங்ங்ங்' என்று சத்தம் வருகிறது, தண்ணீர் நூல் போலத்தான் விழுகிறது. கடைசியில் 'ஐஇ' காட்டி நின்றுவிடுகிறது. வால்வு போய்விட்டதா?

அந்தச் சத்தம் வால்விலிருந்து வந்தால் காயிலுக்கு (வால்வின் மேல் இருக்கும் மின்கம்பிச் சுருள்) கரண்ட் போகிறது, காயிலும் வேலை செய்கிறது என்று அர்த்தம். 'ஐஇ' என்பது குறித்த நேரத்துக்குள் தண்ணீர் நிரம்பவில்லை என்ற தகவல் மட்டும்தான். சாம்சங்கில் இதையே '4இ' அல்லது '4சி' என்று காட்டும். வால்வு கெட்டுவிட்டது என்று இரண்டுமே சொல்லவில்லை.

பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள். மெஷின் பின்னால் இருக்கும் இன்லெட் பைப்பைக் கழற்றி, அதன் முனையை ஒரு வாளியில் விட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வேகமாகக் கொட்டினால் குழாயும் பைப்பும் சரி. இப்போது வால்வின் வாயைப் பாருங்கள். உள்ளே சின்ன பிளாஸ்டிக் வலை ஒன்று இருக்கும், அதுதான் ஃபில்டர். மூக்குப் பிளையரால் நடுவில் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். போர் தண்ணீர் வீடுகளில் இது மணலும் வெள்ளை உப்புமாக அடைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். உப்பு கெட்டியாக இருந்தால் வினிகரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

ஃபில்டரைத் திரும்பப் போடாமல் மட்டும் ஓட்டாதீர்கள். ஒரு மணல் துகள் உள்ளே போய் ரப்பரின் கீழ் உட்கார்ந்தால், அப்புறம் வால்வு மூடவே மூடாது.

கேள்வி: ஃபில்டர் சுத்தம் செய்தாயிற்று சார். வாளியிலேயே தண்ணீர் மெதுவாகத்தான் வருகிறது. நாங்கள் மேல் மாடியில் இருக்கிறோம், டேங்க் நேர் மேலே.

அப்படியென்றால் வால்வை மாற்றிப் பயனில்லை, பிரஷர்தான் குறைவு. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் டேங்கின் தண்ணீர் மட்டம் வால்விலிருந்து 2 மீட்டர்தான் மேலே என்றால் 0.2 பார்தான் வரும். பைப்பில் வளைவு அதிகமானால் ஓட்டம் இன்னும் குறையும். உங்கள் மாடலுக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று மேனுவலில் போட்டிருப்பார்கள்.

அழுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், காயில் நேரடியாக வால்வைத் தூக்குவதில்லை. அது ஒரு சின்ன இரும்புத் தண்டைத் தூக்கி ஊசித்துளை ஒன்றைத் திறக்கிறது, அவ்வளவுதான். அந்தத் துளை வழியாக டயாபிரம் என்ற ரப்பர் தட்டின் மேல்பக்கத் தண்ணீர் வடிந்து, அங்கே அழுத்தம் குறைகிறது. கீழ்ப்பக்க அழுத்தம் ரப்பரைத் தூக்கித் தண்ணீருக்கு வழிவிடுகிறது. கரண்ட் நின்றால் துளை மூடி, மேலே மறுபடி அழுத்தம் சேர்ந்து ரப்பரை அமுக்கி மூடுகிறது. திறப்பதும் மூடுவதும் தண்ணீரின் பலத்தில்தான். அதனால் பிரஷர் ரொம்பக் குறைந்தால் சரியாகத் திறக்கவும் திறக்காது, இறுக்கமாக மூடவும் மூடாது.

டேங்க் ஸ்டாண்டை உயர்த்துவது, மெஷினுக்குத் தனி லைன் இழுப்பது, தானாக ஆன் ஆஃப் ஆகும் பிரஷர் பம்ப் வைப்பது, இந்த மூன்றில் உங்கள் வீட்டுக்கு ஒத்துவருவதைச் செய்யுங்கள்.

கேள்வி: மெஷின் ஆஃபில் இருக்கும்போதே டிரம்மில் தண்ணீர் சேர்கிறது. காலையில் பார்த்தால் பாதி நிரம்பியிருக்கிறது. பயமாக இருக்கிறது அண்ணா.

இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை அக்கா, வால்வுதான். கரண்ட் இல்லாமலே தண்ணீர் போகிறதென்றால் ரப்பர் கிழிந்திருக்கும், அல்லது அதன் கீழ் தூசி மாட்டியிருக்கும். புது வால்வு போடும்வரை, துவைத்து முடித்ததும் குழாயை மறக்காமல் மூடிவிடுங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது திறந்து கிடந்தால் வீடு முழுக்கத் தண்ணீராகிவிடும்.

கேள்வி: எங்கள் மெஷினில் தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் பிளக்கைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. இதுவும் வால்வா?

இல்லை தம்பி. பிளக்கை எடுத்ததும் நிற்கிறதென்றால் வால்வு ஒழுங்காக மூடுகிறது. அதற்குக் கரண்ட் போவதுதான் நிற்கவில்லை. தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறதா, ஏறாமல் கீழே வெளியேறிக்கொண்டே இருக்கிறதா என்று கவனியுங்கள். வெளியேறினால் ட்ரெயின் பக்கம், அதாவது அழுக்குத் தண்ணீர் வெளியே போகும் பக்கம் பாருங்கள். டாப் லோடில் ட்ரெயின் வால்வில் ஊக்கோ நூலோ சிக்கியிருக்கும். ஃப்ரண்ட் லோடில் ட்ரெயின் ஹோஸைத் தரையில் போட்டிருந்தால் தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு போய்விடும். மேனுவலில் சொன்ன உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே போனால் பழுது தண்ணீர் மட்டத்தை அறியும் பிரஷர் சென்சாரிலோ, அதற்குப் போகும் சின்ன டியூபிலோ, இல்லாவிட்டால் மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டிலோ இருக்கும்.

கேள்வி: மல்டிமீட்டர் இருக்கிறது. காயிலை எப்படிப் பார்ப்பது?

பிளக்கைப் பிடுங்கி, வால்வின் இரண்டு பின்களிலிருந்தும் வயரைக் கழற்றிவிட்டு ஓம்ஸில் பாருங்கள். 220-240 வோல்ட் காயில் என்றால் பொதுவாக 3.5 முதல் 5 கிலோ ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. சில ஓம்தான் காட்டினால் ஷார்ட். இரண்டு காயில் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ஷார்ட்டான காயில் போர்டில் இருக்கும் ட்ரையாக்கையும் (காயிலுக்குக் கரண்ட்டை விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) எரித்துவிடும். இதைப் பார்க்காமல் புதுப் போர்டு போட்டால் அதுவும் போய்விடும். போர்டு மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், காயிலை அளந்தார்களா என்று கேளுங்கள். ஆனால் பிளக் போட்ட நிலையில் வோல்டேஜ் பார்ப்பதை வீட்டில் செய்யாதீர்கள். தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

கேள்வி: நானே மாற்ற முடியுமா?

ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் முடியும். வாரண்டி இருந்தால் கை வைக்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது மாடல் நம்பரும் வால்வின் போட்டோவும் இருக்கட்டும். எத்தனை காயில், வோல்டேஜ், வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பிளக், குழாய் இரண்டையும் நிறுத்திவிட்டு, ஃப்ரண்ட் லோடு என்றால் பின்னால் இருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்து மேல் மூடியைப் பின்பக்கம் தள்ளித் தூக்குங்கள். டாப் லோடில் பெரும்பாலும் பின்பக்க மேல் பேனலுக்குள் இருக்கும். வயர்களைக் கழற்றும் முன் போட்டோ எடுங்கள், மாறிவிட்டால் தண்ணீர் சோப்பு ட்ரேயின் தப்பான அறைக்குப் போகும். ஸ்ப்ரிங் கிளாம்பைப் பிளையரால் அமுக்கி நகர்த்தி, ரப்பர் ஹோஸை முறுக்கி இழுங்கள். பழைய ஹோஸ் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

புதியதை மாட்டியதும் இன்லெட் பைப்பைக் கையாலேயே இறுக்குங்கள். வால்வின் மரை பிளாஸ்டிக், ஸ்பேனர் போட்டு முறுக்கினால் உடையும். அங்கே தண்ணீரைத் தடுப்பது ரப்பர் வாஷர்தான், டெஃப்லான் டேப் வேண்டாம். பிளக் போடும் முன் குழாயைத் திறந்து பத்து நிமிடம் கசிவு பாருங்கள். காய்ந்திருந்தால் மூடியைப் பூட்டி, துணி இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள்.

கேள்வி: ஃப்ரண்ட் லோடில் துவைப்பதற்குத் தண்ணீர் வருகிறது, ஆனால் கம்ஃபர்ட் ஊற்றும் அறை அப்படியே நிற்கிறது.

முதலில் ட்ரேயைக் கழுவிப் பாருங்கள், அந்த அறையின் மூடி அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். பல மாடல்களில் ப்ரீவாஷுக்கு ஒரு காயில், மெயின் வாஷுக்கு ஒரு காயில், இரண்டும் சேர்ந்து திறந்தால் கம்ஃபர்ட் அறை. ப்ரீவாஷ் காயில் போயிருந்தால் கம்ஃபர்ட்டும் நின்றுவிடும்.

கேள்வி: புது வால்வு போட்டதிலிருந்து தண்ணீர் நிற்கும்போது சுவரில் 'டம்' என்று அடிக்கிறது.

வால்வு சட்டென மூடும்போது ஓடிவந்த தண்ணீர் பைப்பில் மோதும் சத்தம் அது. பிரஷர் பம்ப் இருக்கும் வீடுகளில் அதிகம். மெஷின் குழாயைக் கொஞ்சம் மூடி ஓட்டத்தைக் குறையுங்கள், சுவரில் ஆடும் பைப்புக்குக் கிளாம்ப் அடியுங்கள். வால்வைத் திரும்பக் கழற்ற வேண்டாம்.