தோற்பது சீட்டாலா, என் ஆட்டத்தாலா?

கேள்வி: இணையத்தில் சிறு தொகைக்கு நோ-லிமிட் ஹோல்டம் போக்கர் ஆடுகிறேன். முதல் 30,000 கை, அதாவது சுற்று, லாபத்தில் ஓடியது. கடைசி 10,000 கையில் 6 பை-இன், அதாவது டேபிளில் உட்காரக் கொண்டுபோகும் தொகையைப் போல ஆறு மடங்கு போய்விட்டது; கட்டாயப் பந்தயமான பெரிய பிளைண்ட் கணக்கில் 600. ஏஸ் ஜோடி மாதிரி மிகச் சிறந்த கை வந்தாலும் அடிதான். விட்டதைப் பிடிக்க இரண்டு முறை இரட்டிப்புத் தொகை டேபிளில் உட்கார்ந்து அங்கேயும் விட்டேன் (அது இந்தக் கணக்கில் சேராது). என் ஆட்டம் தவறா, நேரம் சரியில்லையா? டேபிள் மாற்றினால் பலன் உண்டா?

பதில்: அடைப்புக்குறிக்குள் எழுதியதைத்தான் நான் முதலில் படித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

10,000 கை உங்களுக்குப் பெரிய எண். போக்கருக்கு அது போதவே போதாது. 100 கைக்குச் சராசரியாக 5 பிளைண்ட் சம்பாதிக்கும் நல்ல ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 10,000 கையில் அவருக்கு 500 பிளைண்ட் வர வேண்டும். ஆனால் திட்ட விலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு, 100 கைக்கு 90 பிளைண்ட் என்று வைத்தால், 10,000 கைக்கு அது வர்க்கமூலக் கணக்கில் பத்து மடங்காகி 900 ஆகிவிடும். வரவை விட ஏறி இறங்கும் அளவு பெரிது. அதனால் அவரைப் போன்ற 100 பேரில் சுமார் 29 பேர் அந்தத் தூரத்தின் முடிவில் நஷ்டத்தில்தான் நிற்பார்கள். உங்களைப் போல 600-க்கு மேல் விட்டவர்கள் மட்டும் 11 பேர்.

ஆறுதலாக இருக்கிறதா? இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்கிற அளவில் ஆடுபவர் 30,000 கை முடிவில் லாபத்தில் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. நஷ்டம் வந்த 10,000 கையைச் சந்தேகிக்கிறீர்கள். லாபம் வந்த 30,000 கையையும் சந்தேகியுங்கள். வரவு செலவை வைத்து உங்கள் ஆட்டத்தை எடைபோட முடியாது. முடிவெடுத்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஏஸ் ஜோடி தோற்ற கைகளை ஒதுக்கிவிடுங்கள். கிங் ஜோடிக்கு எதிராக, ஃபிளாப் எனும் முதல் மூன்று பொதுச் சீட்டு விரியும் முன்பே ஆல்-இன் போனால், அதாவது இருப்பதை எல்லாம் கட்டினால், ஏஸ் ஜோடி ஜெயிப்பது சுமார் 82 சதவீதம். ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை தோற்றே தீரும். மனதில் நிற்பவை அந்தக் கைகள்தான், ஆனால் அவற்றில் கற்க ஒன்றுமில்லை. காசு கசிவது ஞாபகத்தில் நிற்காத நடுத்தர பாட்களில். பாட் என்பது ஒரு கையில் நடுவில் சேரும் பந்தயப் பணம்.

உதாரணத்துக்கு, ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேரும் ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைவு. ஃபிளாப்பில் எதிராளி பாட் அளவுக்கே பெட் வைக்கிறார். பாட்டில் 100 இருந்தது, அவர் 100 போட்டார். நீங்கள் 100 கட்டினால் மொத்தம் 300. மூன்றில் ஒரு தடவை, 33 சதவீதம் ஜெயித்தால் போதும். ஃப்ளஷ் வர 35 சதவீதம் என்று எங்கோ படித்திருப்பீர்கள், உடனே ‘கால்’, அதாவது அவர் வைத்த அளவைக் கட்டிவிடுவீர்கள். ஆனால் அந்த 35, டர்ன் எனும் நான்காவது பொதுச் சீட்டு, ரிவர் எனும் கடைசிச் சீட்டு இரண்டையும் பார்த்தால்தான். டர்ன் சீட்டு ஒன்றுக்கு மட்டும் நீங்கள் பார்க்காத 47 சீட்டில் 9, அதாவது 19 சதவீதம். டர்னில் அவர் மறுபடி பெட் வைத்தால் இன்னொரு முறை கட்ட வேண்டும். ஃப்ளஷ் விழுந்தபின் அவரிடமிருந்து இன்னும் நிறைய வாங்க முடியும் என்றால் ஒழிய அந்த கால் நஷ்டம்.

இன்னொன்று ரிவர். சிறு தொகை டேபிளில் அதுவரை அமைதியாக இருந்தவர் ரிவரில் திடீரென்று பெரிதாக ரெய்ஸ் செய்தால், அதாவது பந்தயத்தை உயர்த்தினால், என் அனுபவத்தில் அது கை இல்லாமல் மிரட்டும் பிளஃப் அல்ல. ‘என்ன வைத்திருக்கிறான் பார்த்துவிடலாம்’ என்று கட்டுவது வேடிக்கை பார்க்கக் கொடுக்கும் கட்டணம். இப்படி 30 கைகளை எடுத்து, யார் ஜெயித்தது என்பதை மறைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்வீர்கள் என்று எழுதிப் பாருங்கள்.

தொடர் தோல்வியில் இன்னொரு ஆபத்து, அது ஆட்டத்தையே மாற்றிவிடும். கோபத்தில் எல்லாக் கையையும் ஆடுவதை ‘டில்ட்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் மறுமுகம் கண்ணில் படுவதில்லை: பயம். நல்ல கை வந்தும் ‘எப்படியும் தோற்பேன்’ என்று பெட் வைக்காமல் செக் சொல்லி முறையைக் கடத்திவிடுவது. அதனால் வராமல் போன காசு எந்தக் கணக்கிலும் ஏறாது.

இப்போது அந்த அடைப்புக்குறி. இரட்டிப்புத் தொகை டேபிளில் ஆட்டக்காரர்கள் தேர்ந்தவர்கள், நீங்களோ அடிபட்ட மனநிலையில் போனீர்கள். சீட்டின் மேல் துளியும் பழி போட முடியாத பகுதி இது. தொகையை மாற்றுவதென்றால் கீழே இறங்குங்கள்: கையிருப்பு 20 பை-இன்னுக்குக் கீழே போனால் ஒரு படி குறைந்த டேபிள். ஒரே நாளில் 3 பை-இன் போனால் எழுந்துவிடுங்கள். சீட்டுக்கு அது தெரியாது, உங்கள் புத்திக்குத் தெரியும். வீட்டுச் செலவுப் பணத்தையோ கடனையோ தொட்டிருந்தாலும், வீட்டில் மறைத்து ஆடினாலும், மேலே சொன்ன எதுவும் உதவாது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

டேபிள் மாற்றலாமா என்றீர்கள். ராசிக்காக என்றால் வீண். எதிராளிகளுக்காக என்றால் தாராளமாக. அடித்து ஆடுபவர் உங்கள் வலது பக்கம் இருக்கும்படி இடம் பாருங்கள். பெரும்பாலும் அவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம். அவர் இடது பக்கம் இருந்தால் அந்த வசதி அவருக்கு.