தப்படி, ட்ரிப்லெட், ஏழு தட்டு: ஒரு கடிதம்

அண்ணன்,

எங்க தோட்டத்துல மாசியில காமன் கூத்துக்கு அடிக்கிற தப்பு மேளத்த போன்ல ரெக்கோட் பண்ணி, மியூஸ்ஸ்கோர்ங்கிற நோட்டு எழுதுற சொப்ட்வெயார்ல எழுதிக்கிட்டு இருக்கேன். ஒரு அடி ரெண்டு பீட்டுக்குள்ள மூணு தட்டா வருது, ஆனா ட்ரிப்லெட் போட்டு ப்ளே பண்ணா நம்ம தப்பு மாதிரியே இல்ல. இன்னொரு அடி ஏழு ஏழா வருது. அத ஒரு பீட்டுக்குள்ள அடைக்கிறதா, 7/8 தாளமா போடுறதான்னு வெளங்கல.

ஒரு வாசகர், மஸ்கெலியா

தம்பி,

ட்ரிப்லெட் ரெண்டு பீட்டையும் மூணு சமபங்கா வெட்டும். ரெண்டு பீட்ட பதினாறாம் நோட்டா, அதாவது பீட்டுக்கு நாலா, உடைச்சா எட்டு வருதில்ல, அதுல ஒவ்வொரு தட்டுக்கும் ரெண்டே முக்காலுக்கு கொஞ்சம் குறைவா விழும். நீங்க சொல்றத வச்சுப் பாத்தா உங்க அடி 3+3+2ஆ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தகிட தகிட தகன்னு வாயால சொல்லிக்கிட்டே ரெக்கோடிங்க கேளுங்க, கடைசி தட்டு மட்டும் குட்டையா முடிஞ்சு அடுத்த சுத்துக்குள்ள தள்ளிவிடும், அந்தத் தள்ளுதான் ஆள ஆட வைக்குது, சமபங்கா வெட்டினா அது செத்துப்போயிடும். அப்பிடின்னா ட்ரிப்லெட்டே வேணாம். மொதல்ல புள்ளி வச்ச எட்டாம் நோட்டு, அது மூணு பதினாறாம் நோட்டு நீளம் (புள்ளி இல்லாட்டி ரெண்டு). ரெண்டாவது தட்டு பீட்டத் தாண்டுறதால அத பதினாறாம் நோட்டும் எட்டாம் நோட்டுமா டை போட்டு, அதாவது வளைகோட்டால ஒண்ணா சேத்து, எழுதுங்க, கடைசிக்கு சும்மா ஒரு எட்டாம் நோட்டு. டை போட்டாத்தான் வாசிக்கிற பிள்ளைக்கு ரெண்டாவது பீட் எங்க விழுதுன்னு தெரியும்.

ஏழுக்கு காதவிட ஆடுறவங்க கால நம்புங்க. ஏழு தட்டுக்கும் சேத்து கால் ஒரே தரம் விழுந்தா அது ஒரு பீட்டுக்குள்ள ஏழு, கர்நாடக சங்கீதத்துல மிஸ்ர நடைன்னு படிச்சிருப்பீங்க. ஒரு பீட் நீளமான கால் பங்கு நோட்ட தெரிவு பண்ணி கொன்ட்ரோலும் 7ம் அமத்துங்க, நாலு பதினாறாம் நோட்டு இடத்துல ஏழு வந்து உக்காரும். ஆனா கால் ஒண்ணாவது, நாலாவது, ஆறாவது தட்டுல விழுந்தா அது மிஸ்ர சாபு, மூணு ரெண்டு ரெண்டா போற ஏழு எண்ணிக்கைத் தாளம், ட்ரிப்லெட் வகை எதுவும் போடாதீங்க, 7/8 போட்டு அந்த டைம் சிக்னேச்சர்ட ப்ரொப்பர்டீஸ்ல நோட் குரூப்பிங்க மூணு ரெண்டு ரெண்டா மாத்துங்க. மேல 3+2+2ன்னே எழுதிக்காட்டவும் முடியும், நான் அதத்தான் விரும்புவேன், ஏன்னா வெறும் 7ன்னு பாத்தா ஒருத்தன் 2+2+3ன்னு அடிச்சிட்டுப் போயிடுவான், அது வேற ஆட்டம்.

மியூஸ்ஸ்கோர்ல இப்பிடி அடைக்கிற குரூப்ப பார் கோட்ட, அதாவது தாளச் சுத்துகளப் பிரிக்கிற செங்குத்துக் கோட்ட, தாண்டி எழுத ஏலாது. தாண்டித்தான் ஆகணும்னு வந்தா பெரும்பாலும் நீங்க பார் கோட்ட தப்பான இடத்துல வச்சிருக்கீங்கன்னு அர்த்தம், காலடிய மறுபடி பாத்து கோட்ட நகத்துங்க.

நோட்டு எழுதுற ஸ்டேவுக்கு அஞ்சு கோடு வேணாம், ஒரே கோடு போதும். தடிச்ச குச்சி தட்டு கோட்டுக்கு கீழ, மெல்லிய குச்சி தட்டு மேல. தலைப்புல மலையகத் தப்புன்னு பொதுவா போடாம உங்க தோட்டத்து பேரையும் அடிச்ச பெரியவர் பேரையும் அவர்ட சம்மதத்தோட போடுங்க, பக்கத்து தோட்டத்துல இதே அடிய வேற மாதிரி அடிக்கலாம், அதயும் யாராவது தனியா எழுதணும். அடுத்த தரம் ஆடுறவங்க கால் தெரியிற மாதிரி வீடியோவும் எடுத்து ஃபைலோட சேத்து அனுப்புங்க.