பனிக்காலத்தில் கெட்டா அணியலாமா? குளிரைவிட ஈரத்தைக் கவனியுங்கள்

கேள்வி: ஜப்பானின் நீகாட்டா மாநிலத்திலுள்ள நாகஒக்கா நகரில் வசிக்கிறேன். ஆகஸ்ட் வாணவேடிக்கை விழாவுக்கு யுகாட்டாவோடு (கோடைக்கால மெல்லிய கிமோனோ உடை) வாங்கிய கெட்டாவைக் (மரக்குறடு) குளிர்காலம் முழுவதும் அலமாரியில் வைத்திருக்க மனமில்லை. பத்து நிமிட நடையிலுள்ள கடைத்தெருவுக்கு அதை அணிந்து செல்லலாமா? கம்பளிக் காலுறை போட்டு, அடியில் ரப்பர் ஒட்டினால் போதுமா?

பதில்: அணியலாம். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டும் மட்டும் போதா.

உங்கள் கெட்டா பெரும்பாலும் கிரி எனப்படும் பாலோனியா மரத்தால் ஆனதாக இருக்கும். மிக இலேசான அம்மரத்தின் நுண்ணறைகளில் காற்று நிறைந்திருப்பதால் அது வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை; அதோடு, பலகையும் அடியிலுள்ள இரண்டு குறுக்குக் கட்டைகளின், அதாவது பற்களின், மேல் தரையைத் தொடாமல் நிற்கிறது. எனவே உள்ளங்கால் வழியாகக் குளிர் ஏறுவது குறைவு. விரல்கள் விறைப்பது, பாதத்தின் மேற்புறம் திறந்திருப்பதாலும் காலுறை நனைவதாலும்தான். உங்கள் ஊரில் இது கூடுதல் தொல்லை. சாலையில் பதித்த குழாய்கள் வழியே நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கும் வழக்கம் அங்கே 1960களிலிருந்தே உண்டு. வண்டிகளுக்கு அது வசதி, நடப்பவர்களுக்கோ கணுக்கால் வரை பனிச்சகதி.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ட்சுமகவா. கெட்டாவின் முன்பகுதியை மூடி, முன்பல்லின் பின்னால் மாட்டிக்கொள்ளும் இந்த விரலுறை மழைக்கும் பனிக்குமென்றே பழங்காலம் முதல் இருந்துவருகிறது. நீர் புகாத துணியாலானதைத் தேர்ந்தெடுங்கள். காலுறையைப் பொறுத்தவரை, கட்டைவிரல் தனியாகப் பிரிந்த கம்பளிக் காலுறையோ, உட்புறம் ஃபிளானல் தைத்த டாபி எனப்படும் ஜப்பானியத் துணிக் காலுறையோ பொருந்தும். சாதாரணப் பருத்தி டாபி ஒருமுறை நனைந்தால் வீடு திரும்பும் வரை குளிர்ந்தே இருக்கும். கம்பளியோ நனைந்த பின்னும் ஓரளவு வெதுவெதுப்பைக் காக்கும்.

பலரும் கவனிக்காதது ஹனாவோ எனப்படும் வாரை. கோடையில் வெறுங்காலுக்கு அளவாக முடிச்சிட்ட வாருக்குள் தடித்த காலுறையை நுழைத்தால் அது பாதத்தை இறுக்கும். இரத்த ஓட்டம் குறைந்து, காலுறை போடாததைவிட மோசமாக விரல்கள் மரத்துப்போகும். கெட்டாவின் அடியிலுள்ள முடிச்சுகளை அவிழ்த்து வாரைத் தளர்த்த முடியும். பழக்கமில்லாதவர்கள் பாரம்பரியக் காலணிக் கடையில் கொடுப்பதே நல்லது. குளிர்காலத்தில் போடப்போகும் அதே காலுறையோடு சென்று அளவு பாருங்கள்.

இனி, வழுக்கல். பற்களின் அடியில் மென்மையான, வரிவிழுந்த ரப்பரை ஒட்டினால் ஈரச் சாலையில் நல்ல பிடிப்புக் கிடைக்கும்; மரம் முழுவதும் உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஆனால் இரவில் உறைந்து கண்ணாடிபோல் மின்னும் பனிக்கட்டியில் ரப்பரை நம்ப முடியாது. அதற்காகத்தான் பனிப்பிரதேசத்தார் யுகிகெட்டா என்ற தனி வகையில் இரும்பு முட்களைப் பதித்தார்கள். உங்கள் கெட்டாவில் நீங்களே ஆணி அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: பாலோனியா மிருதுவான மரம், ஆணி நெடுநாள் பிடிக்காது, பல் பிளக்கவும் கூடும். இரும்பு முள், கடைகளின் ஓடு பதித்த தரையில் வழுக்கவும் செய்யும்.

பற்களுக்கு நடுவே பனி அடைத்துக்கொள்வது இன்னொரு சங்கடம். நீகாட்டாவின் பனி ஈரமானது. சில அடிகளிலேயே உருண்டையாகத் திரண்டு, நடப்பவரைத் தள்ளாடச் செய்யும். (எவ்வளவு மிதிபட்டாலும் விடாமல் ஒட்டிக்கொண்டு பின்தொடர்பவரை ஜப்பானியர் 'கெட்டாவில் ஒட்டிய பனி' என்று கேலி செய்வது சும்மா இல்லை.) யுகிகெட்டாவின் பற்கள், பனி தானே கழன்று விழும்படி சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். உங்களுடையது நேரான பற்களாக இருந்தால், அவற்றின் உட்பக்கத்திலும் பலகையின் அடியிலும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், ஒட்டுவது குறையும். அப்படியும் ஒட்டினால் நின்று, படிக்கல்லில் தட்டிவிட்டு நடங்கள்.

இத்தனை செய்தாலும், மிதிபட்டு இறுகிய பாதையில் மட்டுமே இதை அணியுங்கள். புதுப்பனி ஆழமாகக் கிடக்கும் நாளில் அவ்வூர்க்காரர்களே அந்தக் காலத்தில் வைக்கோலால் பின்னிய உயரக் காலணியைத்தான் போட்டார்கள். நீங்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளலாம். விரல்கள் வெளுத்து உணர்வு குறைந்தால் நடையை நிறுத்தி உள்ளே சென்றுவிடுங்கள்.

வீடு திரும்பியதும் ட்சுமகவாவைக் கழற்றி, கெட்டாவைத் துடைத்து, காற்றோட்டமான நிழலில் சாய்த்து உலர்த்துங்கள். ஹீட்டர் அருகில் வைத்தால் மரம் வெடிக்கும்.