வத்தல்மலை இறக்கமும் கேரியரில் கட்டிய ஹெல்மெட்டும்

கேள்வி: ஞாயிறு காலை நாங்கள் நாலு பேர் தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கு சைக்கிளில் போகிறோம். ஒருவர் ஹெல்மெட்டை கேரியரில் கட்டியே கொண்டுவருவார். கேட்டால், "மலையில் சைக்கிள் விடுவதே ரிஸ்க்தான், இதில் ஹெல்மெட் எதுக்கு?" என்கிறார். என்ன பதில் சொல்வது?
- வாசகர், தருமபுரி

பதில்: அவரை ஒருநாள் சேலம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் தொப்பூர் கணவாய்க்குக் கூட்டிப்போங்கள், சைக்கிளில் அல்ல, பஸ்ஸில். பாரம் ஏற்றிய லாரியை அந்த இறக்கத்தில் கொண்டுபோவதே ரிஸ்க்தான், ஆனால் அது பிழைப்பு, சிறிய கியரில் மெதுவாக இறக்கினால் சமாளித்துவிடலாம். கொஞ்சம் டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறார்கள் பாருங்கள், அப்போது எஞ்சின் பிடிப்பு போய், மொத்த பாரமும் பிரேக் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போகிறது. முதலாவது கணக்குப் போட்ட ரிஸ்க். இரண்டாவது வெட்டி ரிஸ்க். உங்கள் நண்பர் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்.

ஏறும்போது வியர்க்கிறது, கழற்றிவிட்டேன் என்றால்கூட நான் சண்டைக்கு வரமாட்டேன். 2003-இல் சர்வதேச சைக்கிள் சங்கம் பந்தயங்களில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது, பந்தயம் நீண்ட மலையேற்றத்தில் முடிந்தால் அங்கே மட்டும் கழற்றலாம் என்று முதலில் விட்டுவைத்திருந்தார்கள். பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். இறங்கும்போது கதையே வேறு. ஏறும்போது 10 கி.மீ. வேகம் என்றால் இறங்கும்போது சாதாரணமாக 40 வரும்; வேகம் நாலு மடங்கு, மோதலின் ஆற்றல் பதினாறு மடங்கு.

அதற்காக ஹெல்மெட் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம் என்று அர்த்தமில்லை. ஐரோப்பியத் தரச் சோதனையில் அதைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்துதான் போடுகிறார்கள், கிட்டத்தட்ட 20 கி.மீ. வேக மோதல். மிச்சத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்: வளைவுக்கு முன்பே பிரேக் பிடிப்பது, வளைவில் மண் கிடக்கிறதா என்று பார்ப்பது, ரிம் பிரேக் (சக்கர விளிம்பையே கவ்விப் பிடிப்பது) என்றால் அழுத்தியே வைக்காமல் விட்டுவிட்டுப் பிடிப்பது (ரிம் சூடேறினால் டியூப் வெடிக்கும்).

நான் விழுந்தது மலையிலேயே இல்லை. சமதரையில், டீக்கடைக்குத் திரும்பும்போது, குறுக்கே ஒரு நாய். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஹெல்மெட் உள்ளே தெர்மாகோல் விரிசல் விட்டிருந்தது. ஒருமுறை அடி வாங்கியதை மறுபடி நம்ப முடியாது என்பதால் தலையில் மாட்டுவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது.