பார்டர் அச்சடித்து வரும் கார்டு: வெப் ஃபிரேம்வொர்க் படிக்கப்போகும் மகளின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விருதுநகரில் திருமண அழைப்பிதழ்க் கடை வைத்திருக்கிறீர்கள். மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு பயிற்சி மையம், இணையத்தளத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் செய்யக் கற்றுத்தரும் ‘ஃபுல் ஸ்டாக்’ வகுப்புக்கு 65 ஆயிரம் ரூபாய் கேட்கிறது. திரையில் தெரியும் பகுதிக்கான ரியாக்ட், பின்னால் தரவுகளைக் கவனிக்கும் ஜாங்கோ என்ற இரண்டு ஃபிரேம்வொர்க்குகளையும் நான்கே மாதத்தில் சொல்லித் தருவார்களாம், வேலையும் உறுதியாம். “இந்த ஃபிரேம்வொர்க்கைப் படித்தால் நல்லதா, இல்லை இரண்டு வருடத்தில் செல்லாக்காசு ஆகிவிடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலோர் சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் கேட்டிருப்பது அதைவிட நல்ல கேள்வி.

முதலில் பண விஷயம்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். ஏன் என்று விளக்க உங்கள் கடையே எனக்குப் போதும்.

சிவகாசியிலிருந்து உங்களுக்குக் கார்டு எப்படி வருகிறது? பிள்ளையார், குத்துவிளக்கு, ஓரத்துப் பூவேலை எல்லாம் அச்சாகி, நடுவில் வெற்றிடத்தோடு வருகிறது. வாடிக்கையாளர் ஆல்பத்தைப் புரட்டிக் கார்டு எண்ணைச் சொல்கிறார். நீங்கள் பெயர்களையும் முகூர்த்த நேரத்தையும் மட்டும் அடித்து மறுநாள் கொடுத்துவிடுகிறீர்கள். ஃபிரேம்வொர்க் என்பது அந்தக் கார்டுதான். இணையத்தில் இயங்கும் எந்தச் செயலியை எடுத்தாலும் சில வேலைகள் மாறுவதே இல்லை. பயனரை அடையாளம் கண்டு உள்ளே விட வேண்டும், படிவத்தில் வந்ததைச் சரிபார்க்க வேண்டும், தரவுத்தளத்தில் எழுதவும் எடுக்கவும் வேண்டும், எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று பிரித்து அனுப்ப வேண்டும். இவற்றை யாரோ ஏற்கெனவே நன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் எழுத வேண்டியது நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் மட்டும்.

ஜாங்கோ பிறந்த கதையும் உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில்தான் நடந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்’ என்ற செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-ல் அட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இருவர் அதை எழுதத் தொடங்கினார்கள். செய்தி அறையில் ஒரு பக்கம் வேண்டுமென்றால் சில மணி நேரத்தில் வேண்டும். அதனால் திரும்பத் திரும்ப வரும் வேலைகளையெல்லாம் ஒரு தொகுப்பாகத் திரட்டி வைத்தார்கள். 2005 ஜூலையில் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். தரவுகளை உள்ளிடும் நிர்வாகத் திரை அதில் தானாகவே கிடைப்பதற்கும் இதுதான் காரணம். நிரல் எழுதத் தெரியாத செய்தியாளரும் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

வேகம் முதல் பலம். அதைவிடப் பெரிய பலம் ஒன்று உண்டு, வகுப்பு விளம்பரங்களில் அது வராது. அனுபவம் இல்லாதவர் செய்யக்கூடிய பாதுகாப்புத் தவறுகளில் பலவற்றை ஃபிரேம்வொர்க் அவருக்குத் தெரியாமலேயே தடுத்துவிடுகிறது. கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காது, மீட்டெடுக்க முடியாத வடிவத்துக்கு மாற்றித்தான் சேமிக்கும். பயனர் தட்டிய எழுத்துகள் தரவுத்தளக் கட்டளையாக மாறிவிடாமலும் பார்த்துக்கொள்ளும். 20 வயதில் இதையெல்லாம் ஒருவர் தானாக எழுதினால் எங்காவது ஓர் ஓட்டை இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அந்த ‘தெரியாமலேயே’ என்ற சொல்லில்தான் சிக்கலும் இருக்கிறது. சென்ற ஆண்டு இறுதியாண்டு மாணவர் ஒருவர் தன் புராஜெக்டைக் காட்ட வந்தார். ஜாங்கோவில் செய்த கடைக் கணக்குச் செயலி, பார்க்க அழகாக இருந்தது. நிரலைத் திறந்தால், படிவம் வாங்கும் ஒவ்வோர் இடத்தின் தலையிலும் ‘சிஎஸ்ஆர்எஃப் எக்ஸெம்ப்ட்’ என்று ஒரு வரி. ஏன் என்று கேட்டேன். “படிவத்தை அனுப்பினால் 403 என்று பிழை வந்தது, சார். இணையத்தில் தேடினேன், இந்த வரியைப் போட்டால் சரியாகிவிடும் என்று இருந்தது. போட்டேன், பிழை போய்விட்டது” என்றார். அந்தப் பிழைதான் அவருக்குக் காவல். நீங்கள் உங்கள் செயலியில் நுழைந்திருக்கும் நேரத்தில், வேறொரு மோசமான தளம் உங்கள் பிரவுசர் வழியாகவே ஒரு படிவத்தை அனுப்பி, ஆர்டரை அழிக்கச் சொல்ல முடியும். அதைத் தடுக்க ஜாங்கோ ஒவ்வொரு படிவத்திலும் வெளியாருக்குத் தெரியாத ஒரு குறியீட்டை வைக்கச் சொல்கிறது. இவர் படிவத்தில் அதை வைக்க மறந்திருந்தார். ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். அவரோ அந்த ‘எக்ஸெம்ப்ட்’ வரியால் காவல்காரரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இன்னொன்றும் பாருங்கள். அதே செயலியில் 200 ஆர்டர்களை வாடிக்கையாளர் பெயரோடு பட்டியலிடும் பக்கம் இருந்தது. ஜாங்கோவில் அதற்கு மூன்று வரி எழுதினால் போதும், தரவுத்தளத்திடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல் ஒரு வரிகூடத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்று வரி பின்னால் என்ன செய்கிறது? ஆர்டர் பட்டியலுக்காக ஒரு முறை, பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முறை என்று தரவுத்தளத்தை 201 தடவை தட்டுகிறது. சோதனைக்குப் பத்து ஆர்டர் வைத்திருந்த அவருடைய மடிக்கணினியில் அது தெரியவில்லை. கடையில் போட்டால் பக்கம் திணறும். ‘செலக்ட் ரிலேட்டட்’ என்று ஒன்றைச் சேர்த்தால் 201 ஒன்றாகிவிடும். இரண்டு அட்டவணைகளை இணைத்து எடுப்பது எப்படி என்று எஸ்க்யூஎல்லில் படித்தவருக்கு இது உடனே புரியும். படிக்காதவர் ஜாங்கோ மெதுவானது என்று சொல்லிவிட்டுப் போவார்.

மெதுவா, வேகமா என்ற சண்டையில் நீங்கள் தலையைக் கொடுக்க வேண்டாம். ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கில் தொடங்கிய ட்விட்டர், கூட்டம் பெருகியதும் முக்கியப் பகுதிகளை வேறு மொழிகளுக்கு மாற்றிக்கொண்டது. அதே ரெயில்ஸில்தான் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் வளர்ந்தது. இன்ஸ்டகிராம் ஜாங்கோவிலேயே வளர்ந்தது. மகள் வேலைக்குச் சேரும் முதல் ஐந்து ஆண்டுகளில் அவளுக்கு இது பிரச்சினையாக வராது.

உங்களுக்குச் சொல்லாமலே புரியும் பலவீனம் ஒன்று உண்டு. பெண் வீட்டார் வந்து தாத்தா, பாட்டி, பெரியப்பா, தாய்மாமன் என்று 22 பெயர் போட வேண்டும் என்கிறார்கள். கார்டில் இடம் பத்துக்குத்தான். எழுத்தைச் சிறிதாக்கலாம், உள்தாள் சேர்க்கலாம், ஒரு கட்டத்தில் இதற்கு வெற்றுத்தாளில் புதிதாக வடிவமைத்திருக்கலாமே என்று தோன்றும். ஃபிரேம்வொர்க்கும் அப்படித்தான். அதை உருவாக்கியவர்கள் நினைத்த வழியில் போகும்வரை சுகமாக இருக்கும், வழியை விட்டு விலகினால் ஒவ்வோர் அடிக்கும் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும்.

எல்லாரும் ஒரே பூட்டைப் பயன்படுத்துவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஜாவாவில் எழுதப்பட்ட அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஃபிரேம்வொர்க்கில் 2017-ல் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மார்ச் மாதமே திருத்தம் வந்துவிட்டது. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் அதைத் தன் தளம் ஒன்றில் போடாமல் விட்டுவிட்டது. மே மாதம் ஊடுருவல் தொடங்கியது. ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரங்கள் கசிந்தன. ஃபிரேம்வொர்க்கை எடுத்துக்கொண்டால் அதன் திருத்தங்களைத் தொடர்ந்து போடும் கடமையும் கூடவே வருகிறது என்பதை மகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இனி உங்கள் செல்லாக்காசுக் கேள்வி. இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். 2014-ல் ஒரு மாணவரிடம், “ஆங்குலர்ஜேஎஸ் மட்டும் படி, போதும்” என்று சொன்னேன். அப்போது எங்கு பார்த்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய அந்த ஃபிரேம்வொர்க்குக்குத்தான் ஆள் தேடினார்கள். 2016-ல் ஆங்குலர் 2 வந்தது. பெயர்தான் பழையது, உள்ளே எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருந்தார்கள். பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றுபோனது. ஜாவாஸ்கிரிப்டைச் சரியாகப் படிக்காமல் ஆங்குலர்ஜேஎஸ் மட்டும் படித்திருந்த அந்த மாணவர் மறுபடியும் அ, ஆவிலிருந்து தொடங்கினார். என் அறிவுரைக்கு அவர் கொடுத்த விலை ஒரு வருடம்.

எல்லா ஃபிரேம்வொர்க்கும் இப்படிக் கவிழ்ப்பதில்லை. 2013-ல் வெளியான ரியாக்ட் 2019-ல் எழுதும் முறையை வெகுவாக மாற்றியது, ஆனால் பழைய முறையில் எழுதியதும் தொடர்ந்து ஓடியது. ஜாங்கோ தன் நீண்டகாலப் பதிப்புகளுக்கு மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. 2025 ஏப்ரலில் வந்த 5.2 பதிப்புக்கு 2028 ஏப்ரல் வரை கவலை இல்லை. மகள் அதில் தொடங்கட்டும். வங்கி, காப்பீடு போன்ற பெரிய நிறுவனங்களின் வேலைதான் குறி என்றால் ஜாவா மொழியும் அதன் ஸ்பிரிங் பூட் ஃபிரேம்வொர்க்கும், சிறு நிறுவனங்களுக்குத் தளம் செய்து கொடுக்கும் இடங்கள் என்றால் பிஎச்பி மொழியும் அதன் லாராவெல் ஃபிரேம்வொர்க்கும் கைகொடுக்கும். ஜாங்கோ பைத்தான் மொழியில் எழுதப்பட்டது, கல்லூரியில் அவள் ஏற்கெனவே பைத்தான் படித்திருப்பதாக எழுதியிருப்பதால்தான் அதைச் சொல்கிறேன், வேறு மயக்கம் எதுவும் இல்லை.

ஆனால் நாளைக்கே வேண்டாம். முதல் ஆறு வாரம் ஃபிரேம்வொர்க் பக்கமே போகாமல் பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல்லில் ஒரு படிவம், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், தினமும் ஒரு மணி நேரம் எஸ்க்யூஎல். பிரவுசரில் முகவரியைத் தட்டியதிலிருந்து பக்கம் வந்து விழும்வரை என்ன போகிறது, என்ன வருகிறது என்பதை பிரவுசரிலேயே நெட்வொர்க் பகுதியைத் திறந்து கண்ணால் பார்க்கட்டும். பிறகு ஜாங்கோவின் சொந்தத் தளத்தில் இருக்கும் பயிற்சிப் பாடம். ஒரு வாக்கெடுப்புச் செயலியைப் படிப்படியாகக் கட்டச் சொல்லித் தருவார்கள், காசு கிடையாது. அது முடிய மூன்று வாரம் ஆகலாம். ரியாக்ட் பிறகு. இரண்டையும் நான்கு மாதத்தில் சேர்த்துப் படித்தவர்கள் பலரை நேர்காணலுக்குத் தயார் செய்திருக்கிறேன். பெயர்களைச் சொல்வார்கள், ஏன் என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள்.

புராஜெக்டுக்கு வெளியே தேட வேண்டாம், உங்கள் ஆர்டர் நோட்டைக் கொடுங்கள். கார்டு எண், வாடிக்கையாளர், முகூர்த்த தேதி, முன்பணம், புரூஃப் பார்த்தாயிற்றா என்று அதில் எல்லாம் இருக்கிறது. ஜாங்கோவின் நிர்வாகத் திரையால் ஒரே வாரத்தில் உங்கள் மேசைக் கணினியில் ஓட்டிவிடலாம். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். உங்கள் பழைய கார்டு வாசகங்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கும் என்று நினைக்கிறேன். திரையில் ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகத்தான் கிடக்கிறது. பெயரைத் தேடினால் கிடைக்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பாமினியில் ‘கெ’ என்றால் கொம்பு முன்னால் வரும், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் போகும், அதனால் வரிசையையும் திருப்ப வேண்டும். எந்த ஃபிரேம்வொர்க்கும் இதைச் செய்து தராது. மகள் உட்கார்ந்து எழுத வேண்டும். நேர்காணலில் அவள் பத்து நிமிடம் தடுமாறாமல் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

இந்த வாரம் நோட்டோடு பழைய கணினியில் இருக்கும் ஃபைல்களையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், ஐயா. மூன்று மாதம் கழித்து, அவள் செய்ததை அவளே எழுதி அனுப்பட்டும். அப்போதும் வகுப்பு வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால், எதற்காக என்று அவளால் சொல்ல முடியும். அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அப்போது பேசிக்கொள்ளலாம்.